பெட்டி மட்டும் போதுமா?
பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய வால்வு ரேடியோ ஒன்று கண்ணில் பட்டால், வாங்க வருகிறவர்கள் முதலில் மரப்பெட்டியைத்தான் தட்டிப் பார்க்கிறார்கள். வரவேற்பறை அலங்காரத்துக்கு அது போதும் என்றாகிவிட்டால் உள்ளே இருக்கும் சேசிஸ் காயலான் கடைக்குத்தான். வயிறு எரிகிறது. தூசியைத் துடைத்தால் அதில் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் முத்திரையோடு ஓர் இ.எல்.84 வால்வு நிற்கக்கூடும்; பீட்டில்ஸ் குழுவினர் மேடையில் வைத்திருந்த வாக்ஸ் ஏசி30 கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் நான்காக நின்று முழங்கியதும் இதே ரகம்தான். கிட்டார்க்காரர்கள் இன்றும் தேடி அலைகிற பொருள் இங்கே எடைக்குப் போகிறது. இத்தனைக்கும் பழுது பெரும்பாலும் கன்டென்சரோடு முடிந்துவிடும். ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்த பெட்டியை விவரம் தெரிந்த மெக்கானிக் நேராக 230 வோல்ட்டில் செருகமாட்டார். சீரிஸில் ஒரு 100 வாட் குண்டு பல்பைப் போடுவார். பல்பு பளிச்சென்று எரிந்து மங்காமலே நின்றால் உள்ளே ஷார்ட். ஃபில்டர் கன்டென்சர் காய்ந்திருப்பதைக்கூட இரைச்சல் காட்டிக்கொடுத்துவிடும். வால்வின் கிரிட்டுக்குப் போகும் பேப்பர் கன்டென்சர்தான் சத்தமில்லாமல் கசிந்து, வால்வின் பிளேட்டைச் செக்கச்செவேலென்று பழுக்கவைத்து, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் பொசுக்கிவிடுகிறது. டிரான்ஸ்ஃபார்மர் போனால் வைண்டிங் செய்ய ஆள் தேட வேண்டும். கன்டென்சரோ சொற்பக் காசு. தாம்பரத்தில் மின்சார ரயிலேறி ரிச்சி தெருவுக்குப் போனால் வாங்கிவிடலாம். பெட்டிக்கு ஆசைப்படுகிறவர்கள் சேசிஸைக் கழற்றச் சொல்வதற்கு முன், வால்வு ரேடியோ பார்த்துப் பழகிய ஒரு மெக்கானிக்கிடம் அதை ஒருமுறை காட்டட்டும்.