கமுதி வழக்கு இன்னும் முடியவில்லை

“நம்பிக்கை விஷயத்துல கோர்ட்டுக்கு என்ன வேலை? மெஜாரிட்டி ஜனங்க நெனைக்கிறதுதான் சட்டம்.” 2018இல் சபரிமலைத் தீர்ப்பு வந்ததிலிருந்து இதை ஏதாவது ஒரு வடிவத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். வேறு யாராவது சொன்னால்கூட விட்டுவிடலாம். சிவகாசியிலும் விருதுநகரிலும் உட்கார்ந்துகொண்டு சொல்கிறார்கள், அதுதான் தாங்கவில்லை. கோர்ட் மதத்தின் பேச்சைக் கேட்டு நடந்தால் என்ன ஆகும் என்பதை இந்தக் கரிசல் பூமி ஏற்கெனவே பார்த்துவிட்டது. பெரும்பான்மையின் சம்மதத்துக்குக் காத்திருந்தால் என்ன ஆகும் என்பதையும்தான்.

நாடு முழுக்கச் சுவரில் தொங்கும் சாமிப்பட காலண்டர்களை அச்சடிக்கிற ஊர் சிவகாசி. அந்த ஊர் விஸ்வநாதர் கோயிலுக்குள் நாடார்கள் நுழையக் கூடாது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் வழக்கம். உரிமை கேட்டதில் பகை முற்றி, 1899 ஜூன் 6 அன்று ஊரே தாக்கப்பட்டது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1897இல், கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் சில நாடார்கள் நுழைந்தார்கள். கோயிலின் பரம்பரை அறங்காவலர் ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி வழக்குப் போட்டார். விவேகானந்தர் சிகாகோ போக உதவிய அதே சேதுபதிதான். வழக்கு மதுரை, சென்னை என்று ஏறி லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. 1908இல் நாடார்கள் தோற்றார்கள்.

கவனியுங்கள், அங்கே எந்த நீதிபதியும் மதத்தில் ‘தலையிடவில்லை’. ஆகமம் என்ன சொல்கிறது, நெடுநாள் வழக்கம் என்ன என்று பார்த்து அதையே தீர்ப்பாக்கினார்கள். இன்றைக்கு நீங்கள் கேட்கிற மாதிரியான கோர்ட் அதுதான்.

சரி, ஆகமம் பழசு, ஓட்டு நவீனமானது இல்லையா என்பீர்கள். அதையும் செய்து பார்த்தார்கள். 1932இல் குருவாயூர் கோயில் நுழைவுக்காகப் பொன்னானி தாலுகாவில் வாக்கெடுப்பு நடந்தது. ஓட்டுப் போட்டவர்கள் ஏற்கெனவே கோயிலுக்குள் போகும் உரிமை உள்ளவர்கள் மட்டும். வெளியே நின்றவருக்கு ஓட்டே கிடையாது. அப்படியும் பெரும்பான்மை ‘திறக்கலாம்’ என்றுதான் சொன்னது. கதவு திறந்ததா? இல்லை. 1947வரை திறக்கவில்லை.

1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலித்துகளையும் விருதுநகர் சண்முக நாடாரையும் அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். தேர்தலில் ஜெயித்து வந்த ராஜாஜி அரசு அதைக் காப்பாற்றச் சட்டம் கொண்டுவந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் அதன் நிபந்தனையைப் படியுங்கள்: வழிபடுபவர்கள் பொதுவாக எதிர்க்கவில்லை என்று அறங்காவலர் கருதினால், அரசின் ஒப்புதலோடு கோயிலைத் திறக்கலாம். அதாவது உள்ளே இருப்பவருக்குச் சம்மதம் என்றால் நீ வரலாம். நாங்கள் எழுதும் சாஃப்ட்வேரில் இப்படி அனுமதி கொடுத்தால், புதிதாக ஒருத்தர்கூட உள்ளே வர முடியாது.

1947இன் கோயில் நுழைவுச் சட்டம்தான் இந்த ‘சம்மதம்’ என்ற வார்த்தையைத் தூக்கிப்போட்டு நுழைவை உரிமையாக்கியது. பிறகு அரசியல் சாசனத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது; பொதுத்தன்மை கொண்ட இந்துக் கோயில்களை எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிட 25(2)(ஆ) வழி செய்தது. 1957இல் மூல்கி வெங்கடரமணர் கோயில் வழக்கில் உச்ச நீதிமன்றம் எழுதியதை 1908க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யார் உள்ளே வரலாம் என்பது மத விஷயம்தான் என்று அது ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டுவிட்டு, சில சிறப்புச் சடங்கு நேரங்கள் தவிர, எல்லாருடைய நுழைவுரிமையே மேலானது என்றது. ஆகமம் மாறவில்லை. அதற்கு மேலே ஒரு எழுத்து ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. மதச் சட்டத்திடம் உரிமை கேட்கிறவன் முதலில் தன் படியை நிரூபிக்க வேண்டும். அந்தக் காலத்து நாடார் எழுத்துகள் ‘நாங்கள் க்ஷத்திரியர், பாண்டியர் வழி’ என்று மன்றாடியது சும்மா இல்லை. அந்த மொழியில் வேறு எப்படியும் கேட்க முடியாது. அப்படிக் கேட்டு ஜெயித்திருந்தால்கூட, பள்ளரும் பறையரும் வெளியேதான் நின்றிருப்பார்கள். சாசனத்திடம் போகிறவன் யாருடைய வம்சம் என்று சொல்ல வேண்டியதில்லை. குடிமகன் என்றால் போதும்.

‘அப்போ ஜனங்க ஓட்டுக்கு மரியாதையே இல்லையா?’ ஏன் இல்லை? 1939 சட்டமும் 1947 சட்டமும் ஓட்டு வாங்கி வந்தவர்கள் போட்டவைதான். வரியை, பட்ஜெட்டை, ஆட்சியை ஓட்டு தீர்மானிக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரன் சாமி கும்பிடலாமா என்பதை என் ஓட்டு தீர்மானிக்கக் கூடாது. இன்றைக்கு ஓட்டால் மட்டும் திறக்கிற கதவை நாளைக்கு ஓட்டாலேயே மூடலாம்.

பழைய கதை என்று நினைக்க வேண்டாம். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலில் தலித்துகள் நுழைவதற்கு எதிர்ப்பு கிளம்பி, 2023 ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்கு சீல் வைத்தார்கள். உரிமை சாசனத்தில் இருந்தது. தெருவில் 1939இன் அந்த நிபந்தனைதான் நடந்தது: ஊர் எதிர்க்காவிட்டால் வரலாம்.

அந்த ஊர்க்காரர்களுக்கும் நம்பிக்கை இருந்தது, வழக்கம் இருந்தது, மெஜாரிட்டியும் இருந்தது. 1908இல் கமுதியில் ஜெயித்தவர்களிடமும் இவை எல்லாம் இருந்தன. ஆகவே ‘கோர்ட்டுக்கு என்ன வேலை’ என்று கேட்கும் சிவகாசி அண்ணாச்சி, உங்கள் கொள்ளுத் தாத்தா கோயிலுக்கு எந்தப் பக்கம் நின்றார் என்று வீட்டில் ஒருதரம் விசாரித்துவிட்டுக் கேளுங்கள்.