வகுப்பில் நாங்கள் மட்டுமே பேசினோம்

ஜவ்வாது மலைப் பிள்ளைகள் வகுப்பில் வாய் திறப்பதில்லை என்பது ஆசிரியர்களாகிய நாங்கள் வெகுகாலமாகச் சொல்லிவரும் புகார். அந்த வாயை அடைத்தவர்களே நாங்கள்தான்.

வீட்டில் பேசும் மலைப் பேச்சு வகுப்பில் எட்டிப் பார்த்தால், "ஒழுங்காப் பேசு" என்று அதட்டினோம். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள், நாங்களும் சிரித்தோம். அதன்பின் அந்தப் பிள்ளையிடமிருந்து வந்ததெல்லாம் "ஆமாங் சார்" மட்டும்தான். அதை அடக்கம் என்று மெச்சிக்கொண்டோம்.

2007-08இல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தது. தரையில் பாய், கற்றல் அட்டைகள், அவற்றின் வரிசையைக் காட்டும் ஏணிப்படி, பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை. ஒரே அறையில் பல வகுப்புகள் நடக்கும் மலைப் பள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான முறை ஏது? ஆனால் எங்களில் பலர் அதிகாரி பார்வைக்கு வரும் நாளில் அட்டைகளைப் பரப்பினோம். மற்ற நாட்களில் பீரோவில் பூட்டினோம். கிழிந்தால் கணக்குச் சொல்ல வேண்டுமே! பிள்ளைகளுக்கான பலகையில் தேதியை எழுதியதும் நாங்கள்தான்.

இதே மலையிலுள்ள காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1977இல் யுரேனஸுக்கு வளையங்கள் உண்டென்று காட்டிய பதிவுகளில் காவலூரின் பதிவும் ஒன்று. விஞ்ஞானிகள் தேடி வந்த அந்த இருட்டு வானத்தின் கீழ் வளரும் பிள்ளைகளுக்குச் சூரியக் குடும்பத்தைப் புத்தகத்திலிருந்து வாசித்துக் காட்டினோம். "நேத்து ராத்திரி வானத்துல என்ன பாத்தீங்க?" என்று கேட்கத் தோன்றவில்லை. சாமையைப் படியால் அளக்கும் வீட்டுப் பிள்ளையை லிட்டர் வாய்ப்பாடு மனப்பாடம் செய்ய வைத்தோம்.

பிள்ளை அச்சமின்றித் தன் கருத்தைச் சொல்லத் துணைநிற்க வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 29ஆம் பிரிவு. பயிற்சிக் கூட்டங்களில் குறிப்பெடுத்தோம், கையெழுத்தும் போட்டோம். பாடம் முடியவில்லை, பதிவேடுகள் அதிகம் என்ற காரணங்களில் உண்மை இருக்கிறது. ஆனால் அவற்றுக்கு அடியில் ஒரு பயமும் இருந்தது: எங்களுக்குப் பதில் தெரியாத கேள்வியைப் பிள்ளை கேட்டுவிட்டால்?

சக ஆசிரியர்களே, தினமும் ஒரு பாடவேளையில் பாதியையாவது பிள்ளைகளின் கேள்விகளுக்கு விடுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு, அவர்களோடு உட்கார்ந்து தேடுங்கள்.