விடுப்புக் கடிதத்தில் உண்மையை எழுதுங்கள்

பள்ளிக்கூடம் நடக்கும் நாளில் பிள்ளைகளைக் கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லத் தீர்மானிக்கும் பெற்றோர்களில் பலர் முதலில் செய்கிற காரியம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு விடுப்புக் கடிதம் எழுதி அனுப்புவதுதான். மேட்டுப்பாளையத்துக்கு அருகிலுள்ள பிளாக் தண்டருக்கோ, பெங்களூருவை அடுத்த பிடதியிலுள்ள வொண்டர்லாவுக்கோ போய்வந்த குழந்தை, மறுநாள் வகுப்பில் தன் சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு, வராத ஜுரத்துக்கு மாத்திரை விழுங்கியதாகச் சொல்ல நேர்கிறது. இத்தகைய பயணங்களால் படிப்புக்கு விளையும் நஷ்டத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள்கூட இந்த நஷ்டத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அன்று குழந்தை கண்டதும், உடம்பால் உணர்ந்ததும் வகுப்பறையில் பேச்சுக்கே வராமல் போகின்றன. பேச்சுக்கு வராத அனுபவம் படிப்பாக மாறுவது அரிது.

அப்படிப் பேசுவதற்கு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், சங்கிலிகளில் நாற்காலிகள் தொங்கும் குடைராட்டினத்தின் பக்கத்தில் சற்று நேரம் நின்று பார்க்க வேண்டும். வேகம் ஏற ஏற நாற்காலிகள் வெளிப்புறமாகச் சாய்ந்து உயரும்போது, 90 கிலோ எடையுள்ள தகப்பனார் அமர்ந்த நாற்காலியும், 25 கிலோ எடையுள்ள மகள் அமர்ந்த நாற்காலியும், ஒருவருமே ஏறாமல் சும்மா சுற்றிவரும் நாற்காலியும், மையத்திலிருந்து ஒரே தூரத்தில் தொங்குமானால், ஏறக்குறைய ஒரே சாய்வில் பறப்பதை அங்கே கண்ணாரக் காணலாம். கனமான பொருளைப் பூமி அதிகமாக இழுக்கிறது என்பது மெய்தான். ஆயினும் கனமான பொருளை நேர்வழியிலிருந்து வட்டப் பாதைக்குத் திருப்புவதற்கும் அதே விகிதத்தில் அதிக விசை வேண்டியிருப்பதால், இரண்டும் ஈடாகிவிட, சாய்வு எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பதில் எடைக்கு இடமே இல்லாமல் போகிறது. கலீலியோவின் காலத்திலிருந்து ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியல் கொள்கை வரையில் பௌதிக சாஸ்திரம் மீண்டும் மீண்டும் ஆராய்ந்த பெரிய உண்மை இது. அப்பா இத்தனை கனமாக இருந்தும் நாற்காலி ஏன் தாழவில்லை என்று ஒரு சிறுமி கேட்டுவிட்டாளானால், அந்த உண்மையின் வாசலில் அவள் தானாகவே வந்து நிற்கிறாள் என்றே நான் கருதுகிறேன்.

ரோலர் கோஸ்டரின் விஷயமும் இவ்வாறே. பழைய முறையில் அமைந்தவற்றில், சங்கிலியால் முதல் மேட்டின் உச்சிக்கு இழுத்துச் சென்று விடப்பட்ட ரயிலுக்கு அதன்பின் இயந்திர பலம் ஒன்றும் கிடையாது. உயரமாகச் சேர்த்துவைத்ததை வேகமாகச் செலவிட்டு, உராய்வுக்கும் காற்றுக்கும் ஒரு பங்கை இழந்துகொண்டே ஓடுவதனால்தான், பின்னால் வரும் எந்த மேடும் முதல் மேட்டைவிட உயரமாக இருப்பதில்லை. தலைகீழாகச் சுற்றும் வளையத்துக்கு ஒரு சரித்திரமே உண்டு. நியூயார்க்கின் கோனி தீவில் 1895ல் சரியான வட்டமாக அமைக்கப்பட்ட வளையம், ஏறியவர்களின் கழுத்தை நோகச் செய்தது. 1976ல் கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுண்டனில், ஜெர்மானியப் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கலின் கணக்கைக் கொண்டு எழுந்த வளையமோ, கீழே அகன்று, மேலே போகப் போகச் சிறிது சிறிதாக இறுகி வளைந்தது. இருப்புப் பாதை நேர்கோட்டை விட்டுத் திருப்பத்துக்குள் நுழையும் இடத்திலும் பொறியாளர்கள் இவ்வகை வளைகோட்டையே கையாளுகிறார்கள்.

இவற்றையெல்லாம் ஞாயிற்றுக்கிழமையில் போய்ப் பார்த்தால் ஆகாதா என்ற கேள்வி நியாயமானது. விடுமுறை நாளில் ஒரு முறை ஏறுவதற்கே நெடுநேரம் வெயிலில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. அத்தனை நேரம் நின்ற குழந்தை ஒரு முறை அலறிவிட்டு இறங்குவதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. கூட்டமில்லாத வார நாளிலோ, முன் இருக்கையில் ஒரு முறையும் கடைசி இருக்கையில் மறுமுறையும் அமர்ந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். முன் பெட்டி மேட்டின் உச்சியை மெதுவாகக் கடந்து தயங்கித் தொங்குவதும், கடைசிப் பெட்டி அதே உச்சிக்கு வருவதற்குள் முன் பெட்டிகள் இறக்கத்தில் பாதி தூரம் போய்விடுவதால் அது வெடுக்கென்று இழுபட்டு, உட்கார்ந்திருப்பவர் ஆசனத்தை விட்டு எழும்புவதும் அப்போதுதான் தெரியவரும். ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்துத் திரும்பச் செய்து பார்ப்பதுதானே பரிசோதனை!

சுவீடனில் 1923ல் திறக்கப்பட்ட லீசெபெரி பூங்காவுக்கு, ஆன்-மாரி பென்ட்ரில் என்ற பௌதிகப் பேராசிரியை மாணவர்களை அழைத்துச் சென்று, ராட்டினங்களையே பாடமாக்கி, அதைப் பற்றிப் பல கட்டுரைகளும் எழுதியிருக்கிறார். அமெரிக்காவிலும் பல பூங்காக்கள் பௌதிக தினம் என்றே ஒரு நாளை ஒதுக்கிப் பள்ளிகளை வரவழைக்கின்றன. நம் தனியார் பள்ளிகள் சிலவும் கல்விச் சுற்றுலா என்று பேருந்துகளில் பிள்ளைகளை இதே இடங்களுக்குக் கொண்டுபோகின்றன. பள்ளி அழைத்துப் போனால் கல்வியாகிற பயணம், தாய் தந்தையர் அழைத்துப் போனால் குற்றமாகிவிடுவது எனக்குச் சம்மதமில்லை.

எனினும் உபாத்தியாயர்களின் ஆட்சேபம் அற்பமானதன்று. பின்னங்களைக் கூட்டக் கற்பிக்கும் நாளில் வராத குழந்தைக்கு மறுநாள் பாடம் விளங்காது. ஒவ்வொரு வீடும் தன் சௌகரியப்படி நாள் குறித்தால் வகுப்பு நடத்துவதே கஷ்டமாகிவிடும். இங்கிலாந்தில், 2015ல் மகளை ஃபுளோரிடாவின் டிஸ்னி உலகுக்கு ஏழு பள்ளி நாட்கள் அழைத்துச் சென்ற தந்தை ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2017ல் அவருக்குப் பாதகமாகவே தீர்ந்தது. அவ்வளவு கடுமை நமக்கு வேண்டியதில்லை. ஆனால் ஒரு நாள் என்பது ஒரு வாரமாக நீள்வதையும், பரீட்சைக் காலத்தில் புறப்படுவதையும் நான் ஆதரிக்க மாட்டேன். முன்கூட்டியே ஆசிரியரிடம் உண்மையைச் சொல்லி, எந்த நாள் உகந்தது என்று கேட்டு, விட்டுப்போகும் பாடத்தை வாங்கிக்கொண்டு போவதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. பெற்றோர் ராட்டினத்தடியில் நின்று சூத்திரங்களை ஒப்பிக்கச் சொல்லி, உல்லாசத்தைப் பாழாக்கவும் கூடாது. குழந்தை முதலில் வாய்விட்டுச் சிரிக்கட்டும். கேள்வி வீடு திரும்பும் பேருந்தில் வந்தாலும் போதும்.

ஆசிரியரும் தம் பங்குக்கு, திரும்பிவந்த பிள்ளையை எழுந்து நிற்கச் சொல்லி, எந்த இருக்கையில் உட்கார்ந்தாய், எங்கே வயிற்றைப் புரட்டியது என்று வகுப்பறிய விசாரிக்கலாம். நுழைவுக் கட்டணம் கொடுக்க வழியில்லாத குடும்பத்துப் பிள்ளைகள் அதே வகுப்பில் இருக்கிறார்கள் என்பதே எனக்குள்ள பெரிய கவலை. ஆனால் குடைராட்டினம் பூங்காக்களுக்கு மட்டும் சொந்தமானதன்று. ஊர்த் திருவிழாவுக்கும் பொருட்காட்சிக்கும் அது வருகிறது. மாலைக் கூட்டம் சேர்வதற்கு முன்பு வகுப்பு முழுவதையும் அங்கே அழைத்துப் போய், பாதி நாற்காலிகளில் பிள்ளைகளை ஏற்றி, பாதியைக் காலியாக விட்டுச் சுற்றிக் காட்டும்படி கேட்டால், ராட்டினக்காரர் மறுக்க மாட்டார் என்றே நம்புகிறேன்.