தோட்டாப் பஞ்சமும் ஜில்லா நகரங்களும்

துப்பாக்கி சுடும் போட்டிகளில் இந்தியர் அடைந்திருக்கும் கீர்த்தியைப் பற்றிப் பேச நாம் தயங்குவதில்லை. 2008ஆம் ஆண்டு பீஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், 2024இல் பாரிஸில் மனு பாக்கரும் ஸ்வப்னில் குசாலேயும் பதக்கம் பெற்றதும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்திகள். ஆனால் அதே வித்தையை, பதக்கத்தை உத்தேசித்து அன்றி, ஓய்வுநேரத்து அப்பியாசமாக, விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ இருந்துகொண்டு பயில விரும்பும் ஒருவருக்குத் தோட்டா எங்கிருந்து வருகிறது, அதன் விலை ஏன் ஏறிக்கொண்டே போகிறது, சில காலங்களில் அது ஏன் கிடைப்பதே இல்லை என்று விசாரிப்பார் அரியர்.

குசாலே பதக்கம் வென்ற ஐம்பது மீட்டர் போட்டியின் தகுதிச் சுற்றுக்கு மட்டும் 60 தோட்டாக்கள் வேண்டும். மண்தட்டுகளைப் பறக்கவிட்டுச் சுடும் டிராப் போட்டியிலோ தகுதிச் சுற்றின் தட்டுகளே 125. பயிற்சியின் செலவு இதைப்போல் பன்மடங்கு. நம்மவர் பெரிய போட்டிகளுக்கு நம்பியிருக்கும் .22 அங்குல விட்டமுள்ள தோட்டாக்கள் பெரும்பாலும் இங்கிலாந்தின் ஈலி, ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ். முதலிய ஆலைகளில் பிறப்பவை. ஆகையால் உலகத்தின் எந்த மூலையில் நேரும் கலக்கமும் நம் ஊர்த் துப்பாக்கிக்காரரின் பையைத் தொட்டுவிடுகிறது. 2020இல் கொள்ளைநோய்ப் பீதியில் அமெரிக்க மக்கள் தோட்டாக் கடைகளைத் துடைத்தெடுத்தார்கள். 2022இல் உக்ரைன் யுத்தம் மூண்டபின் ஐரோப்பாவின் வெடிமருந்து யுத்தத் தேவைகளுக்கு முதலில் போயிற்று. அந்த மருந்துக்கு ஆதாரமான நைட்ரோசெல்லுலோஸ், பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சிலிருந்து தயாராவதால் அந்தப் பஞ்சுக்கும் கிராக்கி உண்டாயிற்று. 2024 செப்டம்பரில், தோட்டாவின் ஈயத்தைக் கடினமாக்க உதவும் ஆன்டிமணியின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்தது.

விலையைவிடக் கொடியது, தொடர்ச்சி அறுபடுவது. ஒரே ஆலையின் ஒரே வகைத் தோட்டாவிலும் ஒவ்வொரு லாட்டுக்கும், அதாவது ஒரே தவணையில் செய்த ஒவ்வொரு தொகுதிக்கும், நுட்பமான பேதம் உண்டு என்பதும், ஒரு துப்பாக்கிக் குழலுக்கு உகந்த லாட் மற்றொன்றுக்கு உகந்ததாக அமைவதில்லை என்பதும் இத்துறையில் பழகியவர் அனைவரும் அறிவர். அதனாலேயே வசதியுள்ளவர்கள் பல லாட்டுகளைச் சோதித்துப் பார்த்து, பொருந்தியதைப் போட்டிக்காலம் முழுமைக்கும் சேர்த்து வாங்கிவைக்கிறார்கள். தட்டுப்பாடு வந்துவிட்டால் அந்தத் தேர்வுக்கே இடமில்லை. கைக்கு எது கிடைக்கிறதோ அதுதான் தோட்டா. அப்போது குறி தவறுவது தன் கையின் குற்றமா, மருந்தின் குற்றமா என்று நிச்சயிக்க முடியாமல் புதிதாகப் பயிலுபவர் மனம் தளர்ந்துபோகிறார். சுட்ட .22 கூட்டில் மீண்டும் மருந்தடைத்துக்கொள்ளவும் வழியில்லை. அதன் விளிம்பிலேயே தீப்பற்றும் மருந்து இருப்பதால், ஒருமுறை சுட்டதோடு அதன் ஆயுள் தீர்ந்தது. போதாக்குறைக்கு, லைசென்ஸில் குறித்த ஆண்டுக் கணக்குக்கு மேல் வாங்கவும் இயலாது. அந்தக் கட்டுப்பாடு நியாயமானதென்றே நான் கருதுகிறேன். ஆனால் சட்டத்தை மதித்து நடப்பவருக்கு அந்தக் கணக்களவாவது கிடைக்க வேண்டாமா?

நம் ராஜ்யத்திலேயே, நீலகிரியின் அருவங்காட்டில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கார்டைட் ஆலை வெடிமருந்து செய்துவருகிறது. புனே நகருக்கு அருகே கட்கி ஆலையில் பன்னிரண்டு ‘போர்’ (bore) அளவுள்ள துப்பாக்கிக்கான தோட்டாக்கள் தயாராகின்றன. 2021 அக்டோபர் முதல் இவ்விரண்டும் மியூனிஷன்ஸ் இந்தியா என்ற ஒரே நிறுவனத்தின் கீழ் இருக்கின்றன. ராணுவத்துக்கு மருந்து செய்வதும் பந்தயத் தோட்டா செய்வதும் ஒன்றல்ல என்பது மெய்தான். பின்னதற்கு இம்மியளவும் பிசகாத சமநிலை அவசியம். எனினும் ஒரு நூற்றாண்டு அனுபவம் உள்ள தேசத்துக்கு அது எட்டாக்கனி அன்று. குறைந்தபட்சம் பயிற்சிக்குரிய தரமான .22 தோட்டாவையேனும் தடையின்றி இங்கேயே செய்து, நியாயமான விலைக்கு விற்கும் பிரயத்தனத்தை அந்நிறுவனம் மேற்கொள்ள வேண்டும்.

அது கைகூடும்வரை விழுப்புரம், திண்டிவனம் ஆகிய ஊர்களின் துப்பாக்கிப் பிரியர்கள் பத்து மீட்டர் ஏர் ரைபிளைத் தங்கள் அடிப்படையாகக் கொள்வதே உசிதம் என்பது என் அபிப்பிராயம். இதற்கு வெடிமருந்து வேண்டாம், 4.5 மில்லிமீட்டர் குழல் விட்டமும் 20 ஜூலுக்கு மேற்படாத சக்தியும் உள்ள துப்பாக்கிக்கு 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி லைசென்ஸும் தேவையில்லை. ஈயப் பெல்லட்டின் விலையும் ஏறுகிறதாயினும் .22 தோட்டாவோடு ஒப்பிட்டால் அது சொற்பமே. பத்துப் புள்ளி தரும் நடுப்பொட்டின் அகலம் அரை மில்லிமீட்டர்தான் என்பதை நினைத்தால், இதைச் சிறுவர் விளையாட்டென்று இகழ யாருக்கும் துணிவு வராது. மூச்சை அடக்குவதையும் விரலின் அழுத்தத்தையும் தோட்டாவே இல்லாமலும் அன்றாடம் பழகலாம். ஆனால் வில்சுருளால் இயங்கும் மலிவான ஏர் ரைபிளைப் பெல்லட்டின்றி இயக்கினால் அதன் உட்பாகம் கெட்டுவிடும் என்பதையும், சில .22 துப்பாக்கிகளில் வெற்று அடி குழலின் விளிம்பைச் சிதைக்கும் என்பதையும் அறிந்து, தக்க ஏற்பாட்டோடு செய்ய வேண்டும். பஞ்சகாலத்தில் தோட்டாவைப் பதுக்குவதோ, லைசென்ஸுக்குப் புறம்பான வழியில் தேடுவதோ இந்த விளையாட்டுக்கே இழுக்கு.

பக்கத்து ஜில்லாவான கடலூரில் 1999இல் பிறந்த இளவேனில் வாலறிவன், 2019இல் ரியோ டி ஜெனீரோவில் நடந்த உலகக் கோப்பையில் இதே பத்து மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வென்றார். அவர் வளர்ந்ததும் இவ்வித்தையைக் கற்றதும் குஜராத்தில். கடலூரிலேயே இருந்திருந்தால் அவருக்கு அந்தச் சௌகரியம் வாய்த்திருக்குமா என்ற கேள்வி நம்மை உறுத்த வேண்டும். திண்டிவனத்திலிருந்து சென்னை ரைபிள் கிளப்புக்கு ஏறக்குறைய 125 கிலோமீட்டர், விழுப்புரத்திலிருந்து இன்னும் அதிகம் என்றால், தோட்டாவுக்கு முன் பஸ் கட்டணமே பலரைத் தடுத்துவிடும். ஆகவே தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும், பொதுமக்களும் மாணவரும் சிறு கட்டணத்தில் பழகத்தக்க பத்து மீட்டர் ரேஞ்சுகளை, தேர்ந்த பயிற்சியாளரின் மேற்பார்வையில், வருகிற வரவுசெலவுத் திட்டத்திலேயே இடம் ஒதுக்கி அமைத்துத் தரும்படி வேண்டிக்கொள்கிறேன்.