தகுதியை அளக்கும் படி எவர் கையில்?

அயல்நாட்டில் வேலை பெறும் உரிமையை முடிவு செய்ய வேண்டியது குடியுரிமையா, தகுதியா என்று அறிஞர் பெருமக்கள் வாதிட்டு வருகின்றனர். வீட்டுக்கொருவர் சபுர் போய்ப் பிழைக்கும் ஊர்களைச் சேர்ந்த நமக்கு இது உலை ஏறுமா, ஏறாதா என்னும் கேள்வி.

“நாட்டின் வேலை நாட்டாருக்கே” என்பர் ஒரு கட்சியார். 2011இல் சவூதி அரேபியா கொணர்ந்த ‘நிதாகத்’ திட்டம் இவ்வழிப்பட்டது. போதிய விகிதத்தில் சவூதியரை அமர்த்தாத நிறுவனங்கள் சிவப்புப் பிரிவில் தள்ளப்பட்டன. அங்கிருந்த அயலாரின் பணி அனுமதியைப் புதுப்பிக்க வழியில்லாது போயிற்று. தன் இளைஞர்க்கு முதலில் வேலை தேடும் அரசை நாம் பழிக்க இயலாது. எந்த அரசும் அதைத்தான் செய்யும்.

மற்றொரு கட்சியார் தகுதியைப் போற்றுவர். 1967இல் கனடா, குடியேற வருவோரின் கல்வி, மொழி, வயது, தொழில் ஆகியவற்றுக்குப் புள்ளி வழங்கும் முறையை ஏற்றது. பிறந்த மண்ணைப் பார்ப்பதினும் இது மேலானதே. ஆயின் தகுதியை அளக்கும் படி எவர் கையில் இருக்கிறது? 2019இல் சவூதி அரேபியா அறிவித்த காலவரையற்ற தங்குரிமைக்கு விலை 8 லட்சம் ரியால். அதே ஆண்டில் ஐக்கிய அரபு அமீரகம் வழங்கத் தொடங்கிய ‘தங்க விசா’, முதலீட்டாளரையும் அறிவியலறிஞரையும் தேடிச் சென்றது. முப்பதாண்டு வெயிலில் நின்று அந்நகரங்களை எழுப்பிய கொத்தனாருக்கு மட்டும் தகுதி இல்லையாம்! பணப்பை தகுதியாகலாம், பட்டம் தகுதியாகலாம், உழைப்பு ஆகாதோ?

குடிமக்களுக்கு முதலிடம் இருக்கட்டும். புதிதாய் வருவோரிடம் திறமை பார்க்கட்டும். ஆனால், தன் தேவைக்காக அழைத்து வந்து ஆண்டுக்கணக்கில் வேலை வாங்கிய மனிதரை, ‘நீ குடிமகனும் அல்லன், தகுதியுடையவனும் அல்லன்’ என்று வழியனுப்பும் உரிமை எந்நாட்டுக்கும் இல்லை. உழைத்த ஆண்டுகளும் ஒரு கணக்கே. நெடுங்காலம் உழைத்தவருக்குத் தங்கும் உரிமை வேண்டும்; முதலாளியின் தயவின்றி வேலை மாறும் உரிமை வேண்டும். கத்தார் 2020இல் முதலாளியின் இசைவின்றி வேலை மாறச் சட்டம் செய்தது. நடைமுறையில் குறைகள் இருந்தபோதிலும், மனம் இருந்தால் வழி உண்டு என்பதை அது காட்டிவிட்டது.

கட்டடம் அங்கே நிலைத்து நிற்கலாம், கட்டியவன் மட்டும் நிற்கக் கூடாது என்பது என்ன நீதி?