சாராயக்கடைக்குக் கணக்கு இருக்கிறது, சிகிச்சைக்கு யார் கணக்கு?

தோட்டத் தொழிலாளி குடித்தே கெட்டான் என்று சொல்லாத துரை இல்லை. மேடையில் அதையே சொல்லாத அரசியல்வாதியும் இல்லை. குடியால் நமது லயங்களில் அழிந்த குடும்பங்களை நாம் மறைக்கப் போவதில்லை. சம்பள நாளில் எந்த வீட்டு அடுப்பு எரியாது என்பது அவர்களைவிட நமக்குத்தான் நன்றாகத் தெரியும். நாம் கேட்பது வேறு: குடியை விடவேண்டும் என்று ஒருவர் தீர்மானித்தால் அவர் எங்கே போவது?

விற்பதற்கு எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம், நிதியமைச்சின் கீழ் ஒரு திணைக்களம், கடைக்குக் கடை அனுமதிப்பத்திரம். போத்தலுக்குப் போத்தல் வரி திறைசேரிக்குப் போய்ச் சேருகிறது.

சிகிச்சை என்று வந்தால் ஆளாளுக்கு ஒரு பெயர்ப்பலகை. அபாயகர ஒளடதங்களுக்கு 1984இல் ஒரு சபை. புகையிலைக்கும் மதுவுக்கும் 2006இல் ஓர் அதிகாரசபை. மனநல வைத்தியர் சுகாதார அமைச்சின் கீழ். தோட்ட டிஸ்பென்சரியோ பல இடங்களில் இன்னும் கம்பனியின் கையில். எங்கள் தோட்டத்தில் எத்தனை பேருக்கு உதவி தேவை, எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று கேட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுகிறார்.

நெடுங்காலம் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். உயிரே போகலாம். இதைப் பேய் பிடித்ததென்று நினைத்துக் கயிறு கட்டுகிறோம். அவருக்கு வேண்டியது வைத்தியரும் மருந்தும். அதற்குத் தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேர் போச்சு, பஸ் காசும் போச்சு. அங்கே மனதில் உள்ளதைத் தமிழில் சொல்ல ஆள் இருக்கவும் வேண்டுமே. மனநோய் வைத்தியத்தில் பேச்சுத்தானே பாதி மருந்து!

சட்டமோ 1873ஆம் ஆண்டினுடையது. மலையில் கோப்பி விளைந்த காலத்துச் சட்டம்! 1956இல் திருத்தினார்கள். 2005இல் வந்த மனநலக் கொள்கை, சேவை மக்கள் வாழும் இடத்துக்கே வரவேண்டும் என்றது, புதிய சட்டமும் வேண்டும் என்றது. போதைக்கு அடிமையானவர்களைக் கந்தக்காட்டில் இராணுவத்தின் பொறுப்பில் வைத்தார்கள். 2022 ஜூனில் அங்கே ஒருவர் இறந்ததும் நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடினார்கள். வைத்தியசாலையிலிருந்து நோயாளி அப்படி ஓடுவானா?

அரசாங்கத்தால் முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். கர்ப்பிணித் தாயைக் குடும்பநல உத்தியோகத்தர் பெயர் எழுதிப் பார்க்கிறார். தாய் இறந்தால் ஏன் என்று விசாரணை நடக்கிறது. தொண்ணூறுகளில் உலகிலேயே தற்கொலை மிக அதிகமான நாடுகளில் ஒன்றாக இலங்கை இருந்தது. நாம் மலையில் தெளித்த கிரமக்சோன் உட்படக் கொடிய நஞ்சுகளைப் படிப்படியாகத் தடை செய்தார்கள். ஆயிரக்கணக்கான உயிர்கள் தப்பின. புத்திமதி சொல்லி மட்டும் அது நடக்கவில்லை.

அதே கண்டிப்பைத்தான் இங்கேயும் கேட்கிறோம். ஒவ்வொரு பொதுச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் தோட்டங்களுக்கென்று பொறுப்பான ஒருவர் வேண்டும். மாதம் ஒரு முறையாவது தோட்டத்துக்குப் பக்கத்தில் தமிழில் கிளினிக் நடக்க வேண்டும். கிளினிக் கொப்பி காட்டினால் அன்றைக்குக் கம்பனி முழுப்பேர் போடவேண்டும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் இடையில் நின்றார்கள் என்ற கணக்கை, ஆட்களின் பெயர் இல்லாமல், ஆண்டுதோறும் வெளியிடவேண்டும். பிள்ளை பெற்றபின் யாருடனும் பேசாமல் மூலையில் குந்தியிருக்கும் பெண்ணும் அந்தக் கணக்கில் வரவேண்டும்.

அதுவரை, அவசரமென்றால் 1926க்கு அழையுங்கள். அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். தோட்டத் தலைவர்மாரும் மாதர் தலைவிமாரும் இந்தக் கோரிக்கைகளைக் கடிதமாக எழுதி வைத்திய அதிகாரியிடமும் தோட்ட நிர்வாகத்திடமும் கொடுங்கள். பதிலை வாய்ப்பேச்சாக வாங்கி வராதீர்கள், எழுத்தில் கேளுங்கள்.