வானத்துக்கு வட்டி கட்டாதீர்கள்!

கேமரா வாங்கி ஒரு வருஷம் ஆகியிருக்கும். கூடவே கொடுத்த 18-55 லென்ஸில் பிள்ளையார் கோயில், பிள்ளைக்குப் பிறந்தநாள், பிள்ளைப்பாக்கம் ஏரி எல்லாம் எடுத்தாகிவிட்டது. இப்போது ஒரு நமைச்சல். ''ஏரி முழுசா வரமாட்டேங்குதே! ஒரு வைடு ஆங்கிள் போட்டாத்தான் சரிப்படும்.''

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலை பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமையானால் கேமராவோடு ஏரிக்கரைக்குக் கிளம்புகிற இளைஞர்களே, இந்த வாரம் உங்களுக்கு. மற்றவர்களும் படிக்கலாம். லென்ஸ் என்று வருகிற இடத்தில் பைக், போன், சோபா எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போகிறீர்கள். கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்க்கிறார். ''லேண்ட்ஸ்கேப்பா? அப்ப எஃப்/2.8 எடுத்துக்குங்க. ப்ரோ லென்ஸ் சார், ஆயுசுக்கும் வரும். நோ காஸ்ட் இ.எம்.ஐ. இருக்கு.'' லட்ச ரூபாய்ச் சமாசாரம் கண்ணெதிரே மாசம் நாலாயிரத்துச் சொச்சமாகச் சுருங்கிவிடுகிறது. தூரத்தில் இருப்பதைச் சின்னதாகக் காட்டுவது வைடு ஆங்கிள் லென்ஸின் குணம். கடனையும் அப்படிக் காட்டுவது வியாபாரத்தின் குணம்.

நான் பி.காம். படித்தவன். கண்ணாடியைவிடக் கணக்கு எனக்குக் கொஞ்சம் பழக்கம். இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடுவோம்.

எஃப்/2.8 என்பது லென்ஸின் கண் எவ்வளவு பெரிதாகத் திறக்கும் என்பதற்கான அளவு. எண் சின்னதானால் திறப்பு பெரிது, விலையும் பெரிது. ஆனால் நிலக்காட்சி எடுக்கிறவர் என்ன செய்கிறார்? கேமராவை முக்காலியில் நிறுத்தி, காலடிப் புல்லும் கடைசிப் பனைமரமும் ஒருசேரத் தெளிவாக விழவேண்டும் என்று எஃப்/8, எஃப்/11 என்று சுருக்கிக்கொள்கிறார். 2.8-லிருந்து 8-க்கு மூன்று படி. அதாவது எட்டில் ஒரு பங்கு வெளிச்சம். பெரிய வாசல் வைக்கத் தண்டம் அழுதுவிட்டு, அதைச் சாத்திவைத்து ஜன்னல் வழியாகவே எட்டிப்பார்ப்பதற்குப் பேர் அப்கிரேடா?

கேனான் 2014-ல் 10-18 என்று ஒரு லென்ஸ் கொண்டுவந்தது. எடை 240 கிராம். நிக்கான் 2017-ல் 10-20 கொண்டுவந்தது. 230 கிராம். இரண்டும் சின்ன சென்சார் கேமராக்களுக்காகச் செய்தவை. இரண்டும் 4.5-க்கு மேல் திறக்காது. திறக்க வேண்டாமே! கேனானில் 18 மி.மீ. காட்டுவது சுமார் 74 டிகிரி, 10 மி.மீ. காட்டுவது 107 டிகிரி. 10 மி.மீ.யில் எஃப்/8 வைத்து, சுமார் 66 செ.மீ. தூரத்தில் ஃபோகஸ் செய்தால், ஒரு முழத்துக்கும் கிட்டே இருக்கிற கோரைப்புல்லிலிருந்து அடிவானம் வரை தெளிவாக வரும். இது ஒளியின் கணக்கு. விலைச்சீட்டைப் பார்த்து மாறாது.

''ஓரமெல்லாம் மங்கலா வருமாமே?'' கொஞ்சம் வரும். எஃப்/8-க்குச் சுருக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கல்யாண மண்டபம், இருட்டு மேடை என்று தொழிலாகவே எடுப்பவருக்கு 2.8 தேவைதான். நட்சத்திரம் எடுக்கிறவர்களுக்கும் தேவைதான். ஒரகடத்தில் ராத்திரி அண்ணாந்து பாருங்கள். எத்தனை நட்சத்திரம் தெரிகிறது? தொழிற்சாலை விளக்கு வெளிச்சம்தான் தெரியும்.

இனி வட்டி. லட்ச ரூபாய், 15 சதவிகிதம், 24 மாதம் என்று வைத்துக்கொண்டால் மாசம் 4,849 ரூபாய். முடிக்கும்போது வட்டி மட்டும் 16,000-க்கு மேல். ''நோ காஸ்ட் ஆச்சே?'' என்பீர்கள். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது, அது பிராசஸிங் கட்டணமாக வேஷம் போட்டு வருகிறது என்று 2013-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்கிற தள்ளுபடி இ.எம்.ஐ.யில் காணாமல் போகிறதே, அதுதான் வட்டி.

இன்னொன்று. இந்த ஸ்ரீபெரும்புதூரில்தான் நோக்கியா 2006-ல் போன் செய்ய ஆரம்பித்தது. 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போயிற்று. அவர்களில் எத்தனை பேருக்குத் தவணை பாக்கி இருந்திருக்கும்? உங்கள் வேலை நிரந்தரமா, கான்ட்ராக்டா, டிரெய்னியா என்று இ.எம்.ஐ. கேட்பதில்லை. தேதி தவறாமல் வந்து நிற்கும்.

சரி, ஏரி முழுசாக வரவேண்டும் என்ற ஆசைக்கு வருவோம். நம் காஞ்சிபுரம் பக்கத்துப் பூமி தட்டை. சும்மா போய் நின்று வைடு ஆங்கிளில் அமுக்கினால் முக்கால் படம் வானம், நடுவே ஒரு கோடாக ஏரி, கரையில் தீப்பெட்டி மாதிரி தொழிற்சாலை. லே-அவுட் விளம்பரத்தில் அரை கிரவுண்டு மனை கிரிக்கெட் மைதானம் மாதிரி தெரிகிறதே, அது இந்த லென்ஸின் உபயமாக இருக்கலாம். கிட்டே இருப்பதை ஊதிக்காட்டும், எட்ட இருப்பதைத் துரத்திவிடும். ஆகவே எதையாவது கிட்டே வைக்க வேண்டும். மதகின் கல், வெடித்த வண்டல், சாய்ந்த பனை என்று ஏதாவது ஒன்று. உழுத வயலுக்குப் பின்னால் தொழிற்சாலை மலை மாதிரி நிற்கவேண்டுமா? அதற்கு உங்கள் பழைய லென்ஸின் 55 மி.மீ. முனையே போதும். அதற்குச் செலவு ஒரு பைசா இல்லை.

அகலக் கண் உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்க்கவும் செலவில்லை. 2019-ல் வந்த ஐபோன் 11-ல் 13 மி.மீ.க்குச் சமமான அகலக் கேமரா இருந்தது. 2020 முதல் அந்தப் போனை இதே ஸ்ரீபெரும்புதூரில்தான் ஃபாக்ஸ்கான் ஆலையில் பூட்டினார்கள். இன்றைக்கு அதைவிடக் குறைந்த விலை போன்களிலும் அகலக் கண் உண்டு. ஒரு மாசம் அதில் மட்டும் எடுங்கள். பிடித்தால், பழைய லென்ஸைச் செங்குத்தாகத் திருப்பி ஐந்து படம் ஒன்றன்மேல் ஒன்று படிகிற மாதிரி எடுத்து ஒட்டிப் பாருங்கள். ஹியூகின் என்கிற மென்பொருள் இலவசம்.

அப்புறமும் ஆசை அடங்கவில்லையா? அது நிஜ ஆசை. செகண்ட் ஹேண்டில் 10-18 அல்லது 10-20 தேடுங்கள். டார்ச் அடித்து லென்ஸுக்குள் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி ஏதாவது படர்ந்திருந்தால் பூஞ்சை. கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். நிக்கான்காரர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். டி3200, டி7000 போன்ற பழைய கேமராக்களில் இந்த 10-20 ஃபோகஸே ஆகாது. மிச்சக் காசில் ஆடாத முக்காலி ஒன்று வாங்குங்கள். இவ்வளவுதான் ஐயா விஷயம்.

அந்த லட்ச ரூபாய் லென்ஸ் எங்கேயும் ஓடிவிடாது. அடுத்த வருஷமும் அதே கண்ணாடி அலமாரியில் இருக்கும், கொஞ்சம் விலை இறங்கியே இருக்கும். பிள்ளைப்பாக்கம் என்றால் முன்பு ஏரி. இப்போது சிப்காட் பூங்காவுக்கும் அதே பெயர். நீங்கள் வருகிற வழியில் நேற்று வரை வேர்க்கடலை போட்டிருந்த நிலத்தில் இன்றைக்கு எல்லைக்கல் நட்டிருக்கிறார்கள். தவணை முடிகிற வரை அது உங்களுக்காகக் காத்திருக்குமா? இருக்கிற லென்ஸை மாட்டிக்கொண்டு இந்த ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்னே கிளம்புங்கள்.